சோலைக்கிளியை முதன்முதலாகத் தேடிப் போகிறவர்களுக்கு

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பத்துத் தடவை போய்வந்தவர்கள்கூட சோலைக்கிளியைப் பார்த்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அது எட்டாத உயரத்திலோ நடுக்காட்டிலோ மட்டும் இருக்கிற பறவை இல்லை. சாலை ஓரத்துச் சோலையிலேயே, உங்கள் கார் நிற்கிற இடத்திலிருந்து இருபதடி உள்ளே, தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். நாம் மேலே பார்த்தபடி, பேசிக்கொண்டே நடக்கிறோம். அது கீழே, சத்தமில்லாமல் இருக்கிறது.

பெயரில் கிளி என்று இருப்பதால் பச்சையாக எதையோ தேடாதீர்கள். மலையாளத்தில் சின்னப் பறவை எதையும் கிளி என்று சொல்வது வழக்கம். சோலை என்கிற உயரமலைக் காட்டில் வாழும் சின்னப் பறவை, அதனால் சோலைக்கிளி. இதன் விலங்கியல் பெயரிலும் நம் சொல்தான் இருக்கிறது. ஷோலிகோலா என்றால் சோலைவாசி. முதல் பாதி தமிழ், பின்பாதி லத்தீன். இந்தப் பேரினப் பெயரே 2017-இல்தான் வைக்கப்பட்டது. அதற்கு முன் நெடுங்காலம் இமயமலைப் பக்கத்துக் குட்டைச்சிறகுப் பறவைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். மரபணுவை ஆராய்ந்தபோது, இவை நீல நிற ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய சொந்தம், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம் என்று தெரிந்தது.

எந்த மலைக்குப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பாலக்காட்டுக் கணவாய்தான் எல்லைக்கோடு. சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தத் தாழ்வான இடைவெளியை இந்தப் பறவை தாண்டுவதில்லை. மலைக்குளிரும் ஈரமும் இல்லாத சமவெளி அதற்குக் கடல் மாதிரி. அதனால் கணவாய்க்கு வடக்கே ஒரு சோலைக்கிளி, தெற்கே இன்னொன்று.

வடக்கே, நீலகிரியிலும் வயநாட்டிலும் அதற்கு மேலே கர்நாடக மலைகள் சிலவற்றிலும் இருப்பது நீலகிரிச் சோலைக்கிளி. மேலே கருநீலச் சாம்பல். கீழே வயிற்றின் இரு பக்கமும் வாலடியும் செங்காவி, நடுவில் மட்டும் வெள்ளை. தெற்கே ஆனைமலை, மூணாறு, பழனி மலை, மேகமலைப் பக்கம் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. அதற்குச் செங்காவி கிடையாது. நெஞ்சுவரை சாம்பல் நீலம், வயிறு வெள்ளை. இன்னும் தெற்கே, செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் அகத்தியமலைப் பக்கம் இருப்பதையும் 2017-இல் தனி இனமாகப் பிரித்தார்கள். அதைத் தனி இனம் என்று ஏற்பதா, வெண்வயிற்றின் கிளையாக வைப்பதா என்பதில் எல்லோரும் ஒரே பக்கம் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த விவாதம் இப்போது வேண்டாம். இருக்கிற மலையைச் சொன்னாலே எந்தச் சோலைக்கிளி என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

நீலகிரி என்றால் தொட்டபெட்டா சாலை ஓரச் சோலை, ஊட்டியின் கெய்ர்ன் ஹில், கோத்தகிரி அருகே லாங்வுட் சோலை. கடைசியாகச் சொன்னது 116 ஹெக்டேர்தான், 2024-இல் ராம்சர் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. கொடைக்கானல் என்றால் ஊரை ஒட்டியே இருக்கிற பாம்பே சோலை, வட்டக்கானல் சோலை. முதல் தடவைக்கு இவற்றில் ஒன்று போதும். ஒரே பயணத்தில் இரண்டு மலையையும் முடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் பார்க்காமல் திரும்புவார்கள்.

கிளம்பும் முன் சில வேலைகள் உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். இரண்டு ஊரிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எனவே எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி கட்டாயம். சாலையிலிருந்தும் பொதுப்பாதையிலிருந்தும் சோலை விளிம்பைப் பார்க்கலாம். நம் வேலைக்கு அந்த விளிம்பே போதும்.

சோலையா, தோப்பா?

இதில்தான் புதியவர்கள் நிறையப் பேர் ஒரு காலைப்பொழுதை இழக்கிறார்கள். மரம் நிறைய இருந்தால் காடு என்று நினைத்து பைன் தோப்பிலோ தைல மரத் தோப்பிலோ சீகை மரக் கூட்டத்திலோ போய் நிற்பார்கள். அவை வெளிநாட்டு மரங்கள், நட்டவை அல்லது நட்டதிலிருந்து பரவியவை. பழனி மலையில் இந்தத் தோப்புகளும் விவசாயமும் சேர்ந்து நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டன. பைன் மரத்தடியில் ஊசி இலை மெத்தை மாதிரிக் கிடக்கும், புதர் இருக்காது. சோலைக்கிளிக்கு அது வெறும் தரை.

சோலையைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். மலைமடிப்பில், ஓடை இறங்குகிற பள்ளத்தில் அடர்ந்து கிடக்கும். மேடெல்லாம் புல்வெளி. மேற்பரப்பு காலிபிளவர் மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும். தளிர் விடுகிற காலத்தில் அந்த உருண்டைகளில் சில செம்பு நிறத்தில் மின்னும். கிட்டே போனால் மரங்கள் நெட்டையாக இருக்காது, முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கும். பட்டை தெரியாத அளவுக்குப் பாசி. கீழே இடுப்புயரத்துக்குக் குறிஞ்சி வகைச் செடிகளும் பெரணியும். தரையில் மக்கிய சருகு, அழுத்தினால் விரல் உள்ளே போகும். அந்தச் சருகில்தான் பூச்சி, புழு, சிலந்தி எல்லாம் இருக்கின்றன. சோலைக்கிளியின் சமையலறை அது.

அதனால் இடம் தேர்ந்தெடுக்கும்போது மரத்தைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள். ஈரமான சருகு, விழுந்து கிடக்கிற பாசி படிந்த கட்டை, பக்கத்தில் சின்ன ஓடையோ சாலையோர வாய்க்காலோ. இந்த மூன்றும் பத்தடிக்குள் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

வீட்டிலேயே காதைப் பழக்குங்கள்

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து அதன் குரலைக் கேட்கத் தொடங்குங்கள். பறவைக் குரல்களைச் சேர்த்து வைக்கிற ஜெனோ-காண்டோ தளத்திலும், பார்த்த பறவைகளை எல்லோரும் பட்டியலிடுகிற இ-பேர்ட் தளத்திலும் பதிவுகள் இருக்கின்றன. பாட்டு மெல்லிய சீழ்க்கைகளின் கோவை. ஏறி இறங்கி, நடுவில் கரகரத்து, மறுபடி தெளிந்து நீளமாகப் போகும். எச்சரிக்கைக் குரல் வேறு, சின்னச் சீழ்க்கையும் அதோடு கிடுகிடுவென்ற ஒலியும்.

ஒன்றைக் கவனியுங்கள். வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் பாட்டு மலைக்கு மலை மாறுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உயரமான மலைகள் ஒவ்வொன்றும் வானத்தில் மிதக்கிற தீவு மாதிரி. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் பறவை போகாதபோது பாட்டும் தனித்தனியாகிவிடுகிறது. கொடைக்கானலுக்குப் போகிறவர் மூணாறு பதிவை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் குழம்பலாம். எந்த மலைக்குப் போகிறீர்களோ அந்த மலையில் எடுத்த பதிவைத் தேடிக் கேளுங்கள். சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தால், காட்டில் கேட்டவுடன் உடம்பு தானாக நிற்கும்.

ஆனால் அந்தப் பதிவைக் காட்டில் போடாதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் இளக்கம் கிடையாது. சோலைக்கிளி தனக்கென்று ஒரு சின்ன எல்லை வைத்து வாழ்கிற பறவை. அதன் எல்லைக்குள் இன்னொரு சோலைக்கிளி பாடினால் இரை தேடுவதை விட்டுவிட்டு எதிரியைத் தேடி அலையும். இல்லாத எதிரி. நீங்கள் ஒரு தடவைதான் போட்டீர்கள், சரி. ஆனால் ஊரை ஒட்டிய சோலைக்கு வாரத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? எல்லோரும் அதே வளைவில் நின்று அதே பறவையைத்தானே கூப்பிடுவார்கள்? நீலகிரிச் சோலைக்கிளி அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கூடு கட்டும் மாதங்களில் இப்படி அலைக்கழித்தால் இழப்பு முட்டையில் போய் முடியும். அது ஒரு தடவைக்கு இரண்டே முட்டைதான் இடும்.

என்ன எடுத்துப் போவது

பைனாகுலர் 8×42 இருந்தால் அதுவே சிறந்தது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். சோலைக்குள் அது உண்மையில்லை. 42 மில்லிமீட்டர் முகப்பை 8-ஆல் வகுத்தால் 5.25, 10-ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. விடிகாலையில், இலை மூடிய இருட்டில், அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் பறவை சாம்பல் நிழலாகத் தெரிவதும் நீலமாகத் தெரிவதும் இருக்கிறது. எட்டு மடங்கில் பரப்பும் அகலமாகத் தெரியும், கையும் குறைவாக ஆடும். இன்னொன்று, இரண்டு மூன்று மீட்டர் அருகில் இருப்பதையும் தெளிவாகக் காட்டுகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். சோலைக்கிளி சில சமயம் அவ்வளவு கிட்டே வந்துவிடும்.

உடை மண் நிறமோ மங்கிய பச்சையோ. நடந்தால் சரசரக்கிற மழைக்கோட்டு வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும், அசையாமல் உட்காரப் போகிறீர்கள் என்பதால் நினைப்பதைவிட ஒரு ஸ்வெட்டர் கூடுதலாக வேண்டும். உட்கார ஒரு சின்ன ரப்பர் விரிப்பு. மழைக்காலத்தை ஒட்டிப் போனால் அட்டை ஏறும், முழங்கால்வரை வரும் அட்டை உறை போட்டுக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்பது என் யோசனை. அந்த வெளிச்சத்தில் படமும் சரியாக வராது, பிளாஷ் போடவும் கூடாது.

எந்த மாதம்? பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் எனக்குப் பிடிக்கும். குளிர் குறைந்து பாட்டு தொடங்கியிருக்கும், கோடைக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் நன்றாகப் பாடும், ஆனால் அது கூடு கட்டும் காலம், சாலையிலும் ஹாரன் சத்தம் ஓயாது. அப்போதுதான் முடியும் என்றால் வார நாளில் போங்கள்.

அந்தக் காலை

வெளிச்சம் வரும் முன்பே இடத்தில் இருக்க வேண்டும். ஆறு மணிக்கு வந்து சேருவது என்பது தாமதம். முந்தின நாள் பகலிலேயே இடத்தைப் பார்த்து வைத்திருந்தால் இருட்டில் தேட வேண்டியிருக்காது.

தனியாகப் போகாதீர்கள். ஊர் ஆள் ஒருவரோ பழகிய வழிகாட்டியோ கூட இருப்பது நல்லது. பறவையைவிட முதலில் காட்டெருமையைப் பார்க்கும் வாய்ப்புதான் அதிகம். அதுவும் விடிகாலையில் சோலை விளிம்பில்தான் மேயும். மூடுபனியில் பாறை மாதிரி நிற்கும், மூச்சுச் சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும். பார்த்தால் கத்த வேண்டாம், ஓட வேண்டாம், டார்ச்சை முகத்தில் அடிக்க வேண்டாம். வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். அது போகிற வழிக்கும் சோலைக்கும் நடுவில் நிற்காதீர்கள். கன்று இருந்தால் அன்றைக்கு அந்த இடத்தை விட்டுவிடுங்கள், வேறு வளைவு பார்த்துக்கொள்ளலாம்.

இடம் பாதுகாப்பு என்றால் உட்காருங்கள். முதுகை ஒரு மரத்திலோ மண்திட்டிலோ சாய்த்துக்கொள்ளுங்கள், அப்போது உங்கள் உருவம் தனியாகத் தெரியாது. போனை ஊமையாக்கி, திரை வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள். அப்புறம் பைனாகுலரை அந்தப் பாசிக் கட்டையில் வைத்து முன்கூட்டியே தெளிவாக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பறவை வந்தபின் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தால் அது போய்விடும்.

முதல் கால் மணி நேரம் ஒன்றும் நடக்காது. நீங்கள் வந்த சலசலப்பு அடங்கவே அவ்வளவு ஆகும். பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கும். சீகாரப் பூங்குருவி மனிதர் சீட்டியடிப்பது போல ஓடைப்பக்கம் பாடும். சிரிப்பான்கள் கூட்டமாகக் கத்தும். மேல்கிளையில் சாம்பல்தலை ஈப்பிடிப்பான் துருதுருவென்று இருக்கும். இவற்றைப் பார்க்கத் தலையைத் தூக்கத் தோன்றும். தூக்காதீர்கள். உங்கள் கண் முழங்காலுக்குக் கீழேயே இருக்கட்டும்.

சருகுச் சத்தத்தைக் கேளுங்கள். பரக் பரக்கென்று பலமாகக் கேட்டால் காட்டுக்கோழி, அல்லது மஞ்சள் அலகுள்ள கரும்பூங்குருவி. சோலைக்கிளியின் சத்தம் அதில் பத்தில் ஒரு பங்கு. ஒரு இலை புரளும். நிசப்தம். இரண்டடி தள்ளி இன்னொரு இலை.

வட்டக்கானல் பக்கம் ஒரு மார்ச் காலையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்த பிறகு எனக்கு முதலில் தெரிந்தது பறவை இல்லை, ஒரு வெளிறிய கோடு. புருவத்துக் கோடு. இருட்டில் அது மட்டும் நகர்ந்தது. அப்புறம்தான் அதைச் சுற்றி உடம்பு தெரிந்தது. கருஞ்சிட்டு அளவு இருக்கும், கொஞ்சம் உருண்டை, கால் மட்டும் நீளம். மூன்று தத்தல், ஒரு நிறுத்தம். நிற்கும்போது தலையைச் சாய்த்துத் தரையைப் பார்க்கும். சட்டென்று குனிந்து அலகால் ஒரு இலையைத் திருப்பி, அடியிலிருந்து எதையோ இழுத்தது, வெள்ளையாக, அதன் அலகைவிட நீளமான புழு. கட்டையில் இரண்டு தடவை அடித்தது. அந்த அடி எனக்குக் கேட்டது. விழுங்கிவிட்டுக் கட்டைமேல் ஏறி நின்றபோது நெஞ்சின் நீலம் முடிகிற இடத்தில் வெள்ளை வயிறு பளிச்சென்று தெரிந்தது. மூச்சை விடவே பயமாக இருந்தது. பத்து விநாடி இருக்கலாம். பிறகு புதருக்குள் நடந்தே போய்விட்டது, பறக்கவில்லை.

உங்களுக்கும் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். பார்த்தவுடன் பைனாகுலரைத் தேடாதீர்கள். கண்ணைப் பறவைமேலேயே வைத்துக்கொண்டு, கையை மட்டும் மெதுவாகத் தூக்கிக் கண்ணுக்கு முன் கொண்டுவாருங்கள். இதையும் வீட்டில் பழகலாம், ஜன்னலுக்கு வெளியே ஒரு அணிலை வைத்து.

ஏழரை, எட்டு மணிக்கு வெயில் தரையில் விழத் தொடங்கியதும் எழுந்துவிடுங்கள். அதற்குப் பிறகு உள்ளே போய்விடும். மாலை ஐந்தரைக்கு மேல் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, ஆனால் இருட்டும் முன் கிளம்பியாக வேண்டும்.

பார்த்தது அதுதானா?

நீலகிரியில் குளிர்காலத்தில் குழப்புவது இந்திய நீல ராபின். இமயமலைப் பக்கத்திலிருந்து வந்து தங்கிப் போகும். ஆண் மேலே நீலம், கீழே ஆரஞ்சு, அதுவும் தரையில்தான் திரியும். வித்தியாசம் இதுதான்: ராபினுக்குப் புருவக்கோடு நல்ல வெள்ளை, ஆரஞ்சு தொண்டையிலிருந்தே தொடங்கும், வால் ஓயாமல் துடிக்கும். சோலைக்கிளிக்குத் தொண்டையும் நெஞ்சும் நீலச் சாம்பல், செங்காவி வயிற்றுப் பக்கத்தில்தான் வரும்.

நீலகிரி ஈப்பிடிப்பானும் நீலம்தான், ஆனால் அது நடுக்கிளையில் உட்கார்ந்து காற்றில் பாய்ந்து பூச்சி பிடிக்கும். கருப்பும் ஆரஞ்சுமாக ஒரு சின்ன ஈப்பிடிப்பான் புதருக்குள் தாழ்வாகத் திரியும், அதன் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். சோலைக்கிளியில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. குஞ்சு மட்டும் பழுப்பாக, புள்ளி புள்ளியாக இருக்கும். அப்படி ஒன்றைப் பார்த்தாலோ, வாயில் புழுவோடு ஒரு பறவை விழுங்காமல் நின்றாலோ, பக்கத்தில் கூடு இருக்கிறது என்று அர்த்தம். மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசி வைத்துக் கட்டியிருக்கும். தேடாதீர்கள். உடனே எழுந்து தள்ளிப் போங்கள். நீங்கள் அங்கே இருக்கும்வரை அது கூட்டுக்குப் போகாது, குஞ்சு பசியில் இருக்கும்.

எழுதி வையுங்கள்

அறைக்குத் திரும்பும் முன், அங்கேயே சாலையோரம் நின்று நோட்டில் எழுதிவிடுங்கள். எத்தனை மணி, வெளிச்சம் எப்படி, தரையிலா கட்டையிலா, பாடியதா, என்ன தின்றது, எந்தப் பக்கம் போனது. இ-பேர்டில் பட்டியல் போடுங்கள், பார்க்காவிட்டாலும் போடுங்கள். ஒரு சோலையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தும் இல்லை என்பதும் தகவல்தான். கூடு இருந்த இடத்தை மட்டும் வாட்ஸ்அப் குழுவிலோ வேறெங்குமோ சொல்லாதீர்கள்.

முதல் நாள் கிடைக்கவில்லை என்றால் மறுநாள் வேறு சோலைக்கு ஓட வேண்டாம். குரல் கேட்டிருந்தால் பறவை அங்கேதான் இருக்கிறது, எல்லையை விட்டு எங்கும் போகாது. அதே மரத்தடி, அதே கட்டை. நோட்டைப் பார்த்து, குரல் கேட்ட நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய் உட்காருங்கள்.